ஹால்வென்டிஸுக்கு வெற்றிலை பாக்கு

ஒரு ஆளை வேலைக்கு எடுக்க எவ்வளவு காலம் ஆகும்? உங்களுக்கும் எனக்கும் தெரிந்த கணக்கு வேறு, ஹால்வென்டிஸ் பசிபிக் கம்பெனியின் கணக்கு வேறு. அகிலன் அங்கே விண்ணப்பம் போட்டபோது சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பொங்கல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் ரவுண்டு போனில் முடிந்தபோது சைனாடவுனில் சீனப் புத்தாண்டு விளக்கு. இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிடுவதற்குள் கேலாங் சிராயில் நோன்புப் பெருநாள் விளக்கு வந்து, எரிந்து, கழற்றியும் வைத்துவிட்டார்கள். மூன்றாவதுக்கு அவன் போன அன்றைக்கு அடுக்குமாடி புளோக் புளோக்காகத் தேசிய தினக் கொடி தொங்கியது. இப்போது மறுபடியும் சிராங்கூன் ரோட்டில் விளக்கு, இந்தத் தடவை தீபாவளிக்கு. ஊரே ஒரு சுற்றுப் பண்டிகை கொண்டாடி முடித்துவிட்டது, இந்தப் பாவிகள் ஒரு கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை.

ரவுண்டுகளின் லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்றில் எதிரே மனிதரே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் கேள்வி வரும், அகிலன் தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும். இன்னொன்றில், "நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் என்ன விலங்கு?" என்று கேட்டார்கள். இவ்வளவு நாள் பொறுத்திருந்ததற்கு எருமை என்றுதான் நியாயமாகச் சொல்லியிருக்கவேண்டும். பிழைப்பை நினைத்து டால்ஃபின் என்றான். அப்புறம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, முதல் ரவுண்டில் கேட்டதையே மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும், உங்களைச் சந்தித்ததில் அசந்துபோனோம் என்று ஒரு ஈமெயில் வரும். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். இவனாக எழுதிக் கேட்டால், ரீஜனல் டைரக்டரின் அப்ரூவல் மட்டும் பாக்கி என்று பதில் வரும். ஈமெயில் அனுப்பிய எச்.ஆர். பெண்களே இதற்குள் மாறிவிட்டார்கள். முதல் பெண் வேலையை விட்டுப் போய், அடுத்தவள் வந்து, அவளும் போய்விட்டாள். ஆள் எடுக்கிறவர்கள் நிற்கவில்லை, எடுக்கப்படவேண்டியவன் மட்டும் வாசலிலேயே நின்றான்.

இது இல்லாவிட்டால் இன்னொன்று என்று போகவேண்டியதுதானே என்கிறீர்களா? போயிருப்பான். நடுவில் செல்லக்கண்ணு இருந்தார்.

செல்லக்கண்ணு கவிப்ரியாவின் அப்பா. கவியும் அகிலனும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே ஜோடி. அவள் இப்போது பிசியோதெரபிஸ்ட், அடுத்தவர் முதுகெலும்பை நிமிர்த்துவது தொழில். அப்பா துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்த காலமெல்லாம் ஒரு நாள்கூட எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்ததில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு வேலைக்குப் போவார், காய்ச்சல்தான் பயந்து இறங்கிவிடும். அகிலன் அப்பா அம்மாவோடு பெண் கேட்டு அவருடைய சிராங்கூன் வீட்டுக்குப் போனபோது அவர் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

"ஜாதகம் பார்க்கல, சொத்து கேக்கல. வேலைக்குப் போற ஆளா இருக்கணும், அவ்வளவுதான். வேலைவெட்டி இல்லாதவனுக்கு என் பொண்ணு இல்ல. நாளைக்குத் தாலி கட்டற நாளா இருந்தாலும் சரி, தெரிஞ்சா நிறுத்திடுவேன்."

அந்தச் சமயம் பார்த்து அகிலன் வேலைவெட்டி இல்லாதவன். அவன் இருந்த சின்னக் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி பாலித் தீவுக்குப் போய்விட்டார். அன்று காலையில்தான் ஹால்வென்டிஸிலிருந்து அசந்துபோன ஈமெயில் ஒன்று வந்திருந்தது. அந்தத் தெம்பில் அவன், "ஹால்வென்டிஸ்ல எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் மாமா" என்றான். செல்லக்கண்ணு அந்த 'மாதிரி'யை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வெள்ளிக்கிழமை போய் வேலை கேட்டவர். மேஸ்திரி தோளைத் தட்டிப் பார்த்தார், திங்கட்கிழமை இவர் மூட்டை ஏற்றப் போய்விட்டார். முடிந்த மாதிரி இருந்தும் முடியாத ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

"உண்மையைச் சொல்லிடலாமா கவி?" என்று அகிலன் வாரத்துக்கு ஒரு தடவை கேட்பான்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க. நீ அரைப் பொய் சொல்லிட்டு இந்த நடுக்கம் நடுங்குற. பேசாம இரு லா, இந்த வாரம் வந்துடும்."

இந்த வாரம் வரவில்லை. தீபாவளி முடிந்து கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அப்போதும் வரவில்லை. செல்லக்கண்ணு டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு அச்சகத்தில் தானே உட்கார்ந்து பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார். நம் பத்திரிகைகள்தான் தெரியுமே, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பும் உத்தியோகமும் கம்பெனியும் வராவிட்டால் ஏதோ சட்டை போடாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அகிலன் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் இருந்தது: சீனியர் சப்ளை செயின் அனலிஸ்ட், ஹால்வென்டிஸ் பசிபிக், சிங்கப்பூர்.

அகிலன் அந்தத் தங்க எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. "மாமா, நான் சீனியர் இல்லயே" என்றான், சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பதால்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு மாப்பிள்ளை, அதுக்குள்ள ஆயிடுவீங்க" என்றார் மாமா.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில், புக்கிட் பாத்தோக் வீட்டில் அகிலன் பக்கத்து புளோக் பையன் ஒருவனுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது கவி போன் பண்ணினாள்.

"டேய், அப்பா கிளம்பிட்டாரு!"

"எங்க?"

"உன் ஆபீசுக்கு!"

"எனக்கு ஏது ஆபீசு?"

"அதைத்தான் தேடிப் போறாரு! மாப்பிள்ளையோட முதலாளியை நேர்ல போய்த் தாம்பாளம் வச்சு அழைக்கிறதுதான் மரியாதையாம். ஈமெயில் அனுப்பினா போதும்பான்னு சொன்னேன். ஈமெயில்ல குங்குமம் வைக்க முடியுமான்னு கேக்கறாரு. ஓடுடா!"

ஓடினான். ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறி, நகரத்துக்குள் போய் இறங்குகிறவரை அவன் கும்பிடாத சாமி இல்லை. ஹால்வென்டிஸ் இருந்த கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே போனபோது, நட்டநடு லாபியில் செல்லக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கையிலும் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், கற்கண்டு, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. டை கட்டியவர்களெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்கள்.

"அங்கிள், டெலிவரின்னா பின்பக்கம்" என்றார் செக்யூரிட்டி.

"நான் டெலிவரி இல்ல. மாமனார்" என்றார் செல்லக்கண்ணு, துறைமுகத்து இங்கிலீஷில்.

அகிலன் ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். வளர்ந்த ஆண்பிள்ளை தொட்டிக்குப் பின்னால் ஒளிவது அழகில்லைதான். அந்த நேரத்தில் உங்களுக்கும் எனக்கும் தொட்டி கிடைத்திருந்தால் நாமும் ஒளிந்திருப்போம்.

மேலேயிருந்து எச்.ஆர். மேனேஜர் இறங்கி வந்தாள். ஷெர்லின் என்று பெயர். போன இரண்டு பெண்களுக்கும் மேலதிகாரியின் நாற்காலிக்குப் புதிதாக வந்தவள்; சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. கம்பெனியில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. செல்லக்கண்ணு தாம்பாளத்தை நீட்டி, "மேடம், உங்க அகிலனுக்கு என் பொண்ணைக் குடுக்கறேன். நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்றார். ஷெர்லின் பத்திரிகையைப் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் பின்பக்கம் இங்கிலீஷ் இருந்தது. தங்க எழுத்தில் தன் கம்பெனி பெயர், சீனியர் பதவி, எதிரே பட்டு வேட்டியில் ஒரு பெரியவர். இப்படி ஒரு ஆள் எங்களிடம் இருக்கிறாரா என்று அவரிடம் கேட்க யாருக்கு வாய் வரும்? அவளும் நல்ல வளர்ப்பில் வந்த பெண். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

அப்போது பார்த்து மாமாவின் கண் தொட்டிப் பக்கம் போனது. "மாப்பிள்ளை! வேலை நேரத்துல கீழ என்ன பண்றீங்க?"

"லஞ்ச் மாமா."

"பத்தரை மணிக்கா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அகிலன் நின்றான். ஷெர்லின் தாம்பாளத்தோடு மெல்ல அவன் பக்கம் வந்து, உதடு அசையாமல் கேட்டாள், "நீங்க... இங்க சேர்ந்துட்டீங்களா?"

இத்தனை மாதமும் அவன் அந்தக் கம்பெனியைக் கேட்க நினைத்த கேள்வியை அவர்களே அவனிடம் கேட்கிறார்கள். அகிலனுக்கு வயிற்றெரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது. "அதை நீங்கதான் சொல்லணும்" என்றான்.

எச்.ஆரைப் பார்த்து அப்படிப் பேசுகிறவன் பழைய ஸ்டாஃபாகத்தான் இருக்கவேண்டும் என்று ஷெர்லினுக்குத் தோன்றிவிட்டது. அவள் முகம் சிவந்தது. அதற்குள் லிஃப்ட் திறந்து ஒரு உயரமான வெள்ளைக்காரர் வெளியே வந்தார். கம்பெனி இணையப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து அகிலனுக்கு மனப்பாடமான மூஞ்சி. ரீஜனல் டைரக்டர் ஹென்ரிக். எவர் அப்ரூவல் பாக்கி என்று சொல்லிச் சொல்லி அவன் தலைமுடி கொட்டியதோ, அவரேதான். செல்லக்கண்ணு விடுவாரா? ஜிப்பா பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்துக் கும்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

"நம்ம ஆளுக்குக் கல்யாணமா!" ஹென்ரிக் வாயெல்லாம் பல்லாக அகிலன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எந்த டீம்?"

"சப்ளை செயின்" என்றான் அகிலன். அது பொய்யில்லை, அந்த டீமுக்குத்தானே விண்ணப்பித்தான்.

"அந்த டீம்ல ஆளே பத்தல, உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமே! ஷெர்லின், இவருக்குக் கல்யாண லீவு போட்டுடு. ஒரு ஹாம்பர் அனுப்பு."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேக்கா பக்கம் திரும்பிப் போகிற வழியெல்லாம், "எவ்வளவு பெரிய மனுஷன், உங்க கையைப் பிடிச்சு எப்படிக் குலுக்கறாரு!" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அகிலன் அந்தக் கையை ஜேபிக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

மேலே ஷெர்லின் என்ன செய்தாள் என்பது பின்னால்தான் தெரியவந்தது. லீவு போட கம்ப்யூட்டரைத் திறந்தாள். அகிலன் என்று ஒரு ஆளே அதில் இல்லை. தனக்கு முன்னால் இருந்தவர்கள் ஏற்ற மறந்துவிட்டார்கள் என்று அவர்களை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே ஏற்றினாள். பெயர், பதவி, சீனியர் உட்பட. முகவரிக்கு, பத்திரிகையில் கண்ணில் பட்ட முதல் முகவரி. அது செல்லக்கண்ணுவின் சிராங்கூன் வீடு.

ஹாம்பர் கூடை அங்கே வந்து இறங்கியது. சாக்லேட், பிஸ்கட், மேலே சிவப்பு ரிப்பன். ஆபீசில் வசூல் பண்ணிய பணத்தை வைத்த சிவப்பு உறை, அங் பாவ் ஒன்றும் கூடவே வந்தது. அவனைப் பார்த்தேயிராத பதினாறு பேர் வாழ்த்தி எழுதியிருந்தார்கள். மாமா வந்தவர் போனவருக்கெல்லாம் ரிப்பனைக் காட்டினார். அகிலனும் கவியும் அந்தச் சாக்லேட்டைத் தின்றுகொண்டே, திருட்டுச் சாக்லேட்டுக்கு ருசி அதிகம்தான் என்று பேசிக்கொண்டார்கள். கவி சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கொஞ்சம் பயம்கூட விட்டுப்போனது.

ஆனால் கம்ப்யூட்டருக்குக் கல்யாணமும் தெரியாது, கச்சேரியும் தெரியாது. சீனியர் அனலிஸ்ட் ஒருவர் இருக்கிறார், ஒரு நாளும் கதவில் அட்டையைத் தட்டவில்லை, லீவு தேதியும் இன்னும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தது. பிறகு யாரையும் கேட்காமல், வேலைக்கு வராததற்குக் காரணம் கேட்டு ஒரு ஷோ காஸ் லெட்டரை அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தது. பாருங்கள் அநியாயத்தை! வேலைக்கு எடுக்க ஒரு வருஷத்துப் பண்டிகை போதவில்லை. வேலைக்கு வரவில்லை என்று கேட்க ஒரு வாரம் போதும்.

லெட்டரும் சிராங்கூன் வீட்டுக்குத்தான் போனது. அடுத்தவர் தபாலைப் பிரிப்பது தப்பு. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்தது வீட்டுத் தபால் என்பது செல்லக்கண்ணுவின் சட்டம். பிரித்தார், படித்தார், இன்னொரு தடவை படித்தார். அப்புறம் அகிலனுக்குப் போன் போட்டு, "தேக்கா சாப்பாட்டுக் கடைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தை வரவில்லை.

அவன் போனபோது மாமா முன்னால் தே ஓ கொசோங், சர்க்கரை இல்லாத கறுப்புத் தேநீர், ஆறிக் கிடந்தது. லெட்டரை மேஜையில் வைத்துத் தள்ளினார்.

"ஒரு வாரமா வேலைக்குப் போகலயாமே?" குரல் தணிந்துதான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "கை ஒடிஞ்சு கட்டுப் போட்டப்பகூட ஒத்தக் கையோட ஷிஃப்டுக்குப் போனவன் நான். கல்யாணத்துக்கு முன்னாடியே வேலைக்கு மட்டம் போடறவன், அப்புறம் என் பொண்ணை என்ன பண்ணுவான்? நான் மண்டபத்துக்குப் போன் பண்ணப் போறேன்."

அகிலன் லெட்டரைப் படித்தான். முதலில் சிரிப்புத்தான் வந்தது, கடவுளே, இந்த நேரத்தில் வரக்கூடாத சிரிப்பு. காய்ச்சல் என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. எதிரே இருந்தவர் கண்ணைப் பார்த்தான். கோபத்துக்குப் பின்னால் ஒரு அப்பாவின் பயம் இருந்தது. அதற்கு மேல் ஒரு பொய்யை அடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"மாமா, நான் வேலைக்குப் போகாம இருக்கல. எனக்கு வேலையே இல்ல."

"என்னது?"

சொல்லிவிட்டான், பொங்கலிலிருந்து தொடங்கி. கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி, டால்ஃபின், ஐந்து பேர், அசந்துபோன ஈமெயில், எல்லாவற்றையும். "ஒவ்வொரு தடவையும் வெளிய வரும்போது நல்லாத்தான் பேசினோம்னு தோணும் மாமா. அவங்க பதிலே சொல்லாம இருக்க இருக்க, நான்தான் எதுக்கும் லாயக்கில்லாதவனோன்னு ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பயமா இருந்துச்சு. கவி மேல தப்பு இல்ல."

கவி மேலும் தப்பு உண்டு என்பது செல்லக்கண்ணுவுக்கு நன்றாகவே தெரியும், பெற்றவர் இல்லையா. அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு லெட்டரை எடுத்து மறுபடியும் பார்த்தார். கோபம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் மெல்லத் திரும்பி வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தது.

"இருங்க. வேலையே குடுக்காதவன், வேலைக்கு ஏன் வரலன்னு எப்படிக் கேப்பான்?"

"அதான் மாமா எனக்கும் புரியல."

"எந்திரிங்க. கல்யாணம் உண்டா இல்லையான்னு அப்புறம் பேசுவோம். முதல்ல இவங்களைப் பார்ப்போம்."

இந்தத் தடவை பேண்ட், முழுக்கைச் சட்டை. அழைக்கப் போகும்போதுதான் வேட்டி, கேள்வி கேட்கப் போகும்போது பேண்ட். லாபியில் அவரைப் பார்த்ததுமே செக்யூரிட்டி எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மேலே ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். ஷெர்லின் வந்தபோது அவள் கையில் ஒரு ஃபைல் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. லெட்டர் போன பிறகுதான் அவள் தோண்டிப் பார்த்திருக்கிறாள்: சம்பளச் சீட்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை, இருப்பதெல்லாம் ரவுண்டு ரவுண்டாக இன்டர்வியூக் குறிப்பு மட்டும். மாமா லெட்டரை மேஜையில் வைத்து, "இவர் இங்க வேலை பார்க்கறாரா, இல்லையா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவளால் உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து போய் ஹென்ரிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"லெட்டரைத் திரும்ப வாங்கிக்கோயேன்" என்றார் ஹென்ரிக்.

"வாங்கணும்னா, வேலைக்கே எடுக்காத ஆள் எப்படி சிஸ்டத்துக்குள்ள வந்தாருன்னு ஹெட் ஆபீசுக்கு விளக்கம் எழுதணும் சார். அவரை வேலைக்கு எடுத்துட்டா அந்தத் தொல்லை இல்ல."

"அப்ப எடுக்க வேண்டியதுதானே. எங்க நிக்குது?"

"உங்ககிட்டதான் சார். ரொம்ப நாளா."

ஹென்ரிக் இரண்டு நிமிஷம் ஃபைலைப் புரட்டினார். நல்ல ஆளாத்தான் இருக்காரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. போட்டார் கையெழுத்து, தீர்ந்தது. எத்தனை பண்டிகை விளக்கைத் தாண்டிய காத்திருப்பு, மூடி கழற்றி மூடி போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது! நியமனக் கடிதத்தைத் திருப்பி அகிலன் பக்கம் வைத்து, "வெல்கம்" என்று பேனாவையும் நீட்டினார். அகிலனுக்குக் கண் கலங்கியது. இவர்கள் முகத்தில் இந்தக் காகிதத்தை வீசவேண்டும் என்ற ஆத்திரம் ஒரு பக்கம், கவி என்ற நினைப்பு ஒரு பக்கம். கவிதான் ஜெயித்தாள். பேனாவை வாங்கிக் காகிதத்தில் வைத்தான்.

அந்தக் காகிதத்தின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. மூட்டையும் கயிறும் பிடித்துக் காய்த்துப்போன கை.

"இருங்க" என்றார் செல்லக்கண்ணு. ஹென்ரிக்கின் பக்கம் திரும்பினார். "இவருக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் எங்க?"

"போயிட்டாரு."

"ஏன்?"

ஹென்ரிக் ஷெர்லினைப் பார்த்தார். ஷெர்லின் மேஜையைப் பார்த்தாள்.

"அவருக்கு முன்னாடி இருந்தவர்?"

"அவரும் போயிட்டாரு அங்கிள்" என்றாள் ஷெர்லின், ஈனஸ்வரத்தில்.

"இந்த ஆபீஸ்ல ரொம்ப வருஷமா நிலைச்சு இருக்கிறது யாரு?"

ஷெர்லின் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "பேன்ட்ரி ஆன்ட்டி. டீ போட்டுத் தர்றவங்க."

"சரி. இவர் யாருக்குக் கீழ வேலை பார்க்கணும்? அவர் கோவக்காரரா? சாப்பாட்டு நேரத்துல ஆளை நிம்மதியா சாப்பிட விடுவாரா? உடம்பு முடியலன்னா என்னன்னு கேப்பாரா, இல்ல இப்படி லெட்டர் போடுவாரா?"

"அங்கிள், இதெல்லாம் ஏன் நீங்க..." ஹென்ரிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கள்ள அதுதான் வழக்கம் சார். ஒரு வீட்டுக்குப் பிள்ளையைக் குடுக்கறோம்னா அந்த வீட்டைப் பத்தி நாலு இடத்துல விசாரிப்போம். நீங்க இவரை இவ்வளவு நாளா துருவித் துருவி விசாரிச்சீங்க. சந்தோஷம். உங்களை இன்னும் யாரும் விசாரிக்கலயே?"

இரண்டு பேரும் இன்டர்வியூவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஹென்ரிக் மேலதிகாரி ரொம்ப நல்லவர் என்றார், லஞ்சுக்கு முழுசா ஒரு மணி நேரம் என்றார், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். கடைசியில் ஹென்ரிக், "அப்போ, ஓகேதானே அங்கிள்?" என்றார்.

செல்லக்கண்ணு எழுந்தார். அகிலன் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி, மேஜையில் வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

அகிலன் பின்னாலேயே ஓடினான். லிஃப்டில் இறங்கும்போது, "மாமா, அவங்க மனசு மாறிட்டா?" என்றான். "மாறட்டும். ஆளைத் தெரியாம அனுப்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டு மாமா கதவின் மேலே மாறுகிற மாடி எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். கல்யாணத்தைப் பற்றி அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

வெளியே வந்ததும் மாமா டாக்சி பிடிக்க முன்னால் போனார். போன் அடித்தது, கவி.

"என்னடா ஆச்சு? அப்பா போனையே எடுக்கல. எல்லாத்தையும் சொல்லிட்டியா? கல்யாணம் உண்டா, இல்லையா?"

"தெரியல கவி. எல்லாம் சொல்லிட்டேன். வேலைகூடக் குடுத்தாங்க, கையெழுத்துப் போடப் போன கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. என்னை இந்த இடத்துக்குக் குடுக்கலாமா வேணாமான்னு வீட்டுல உக்காந்து பேசணுமாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மக்கு" என்றாள் கவி. "சொந்தப் பிள்ளையைத்தானேடா குடுக்கலாமா வேணாமான்னு பேசுவாங்க?"